சந்தனமாரியைப் பார்த்த நெருஞ்சி

நெருஞ்சிப்பூ காலையில கிழக்க பாக்கும், உச்சியில அண்ணாந்து பாக்கும், சாயந்திரம் மேக்க பாக்கும், பொழுது எங்க போகுதோ அங்கதான் அதுக்கு முகம்னு உப்பளத்து ஓரம் பிறந்த பச்சப்பிள்ளைக்கும் தெரியும். அப்படி இருக்க, கீழத்தருவை ஊர்ல ஒரு பங்குனி மாசத்துல, தரையோட தரையாப் படந்து கிடந்த அத்தனை நெருஞ்சியும் சூரியனைப் பாக்கிறதை விட்டுட்டு சந்தனமாரியைப் பாக்க ஆரம்பிச்சுது. அவ தண்ணிக்குடத்தோட தெக்க நடந்தா மஞ்சப்பூவெல்லாம் தெக்க திரும்புச்சு, உப்பளத்துக்குக் கிழக்க நடந்தா கிழக்க திரும்புச்சு, வீட்டுக்குள்ள போயிட்டா வாசக்கதவைப் பாத்தபடி அப்படியே நின்னுச்சு. சூரியன் பாட்டுக்குத் தனியா வந்துட்டுத் தனியாப் போச்சு.

சந்தனமாரி ஒண்ணும் பெரிய ஆள் இல்ல. உப்பு சுமக்கிறவ. புருஷன் தவசிமுத்து பாத்தியில உப்பை வாரிக் கூட்டுவான், அவ பெட்டியில அள்ளித் தலையில வச்சு அம்பாரத்துல கொண்டு கொட்டுவா. கூடச் சுமக்கிறது தவசிமுத்தோட தங்கச்சி பேச்சித்தாய். ரெண்டு பேரும் மைனியும் நாத்தனாரும்னாலும், ஒரே பெட்டிக்கு ரெண்டு பிடி மாதிரி ஒண்ணாத்தான் திரிவாங்க.

உப்பளத்தைப் பாத்திருக்கீங்களா? கண்ணுக்கு எட்டுன மட்டும் வெள்ளை. ஒரு மரம் கிடையாது, ஒரு புதர் கிடையாது, ஒரு மேடு கிடையாது. ஆம்பளை வரப்போரம் திரும்பி நின்னா முடிஞ்சுது சோலி. பொம்பளை எங்க போய் ஒதுங்குவா? அதனால அங்க வேலை பாக்கிற பொம்பளைக விடியக்காலம் குடிச்ச நீராகாரத்தோட சரி, உச்சி வெயில்ல நாக்கு மேலண்ணத்துல ஒட்டினாலும் ஒரு மடக்குத் தண்ணி குடிக்க மாட்டாங்க, குடிச்சதையும் பொழுது அடையிற மட்டும் அடக்கி வச்சிருப்பாங்க. கோடை வந்தா ஒருத்தி பாக்கியில்லாம எல்லாருக்கும் நீர்க்கடுப்பு. அதை வாய்விட்டு ஆருகிட்டச் சொல்ல? சொல்ல வேண்டியதும் இல்ல, ஊரைச் சுத்தின செம்மண் மேட்டுலயும் வண்டிப்பாதை ஓரத்துலயும் நெருஞ்சி கிடந்துச்சு. ஐப்பசி மழைக்குத் தானா முளைச்சு, ஆரும் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தாமலேயே படந்து, பூத்து, காய்ச்சு, வெயில் ஏறுனா முள்ளை மண்ணுல விட்டுட்டுக் காஞ்சு போற செடி. அதை முள்ளும் வேருமா பிடுங்கி, மண்ணுபோக அலசி, லேசா இடிச்சு, ஒரு கை கொத்தமல்லி விதையைப் போட்டு, ஒரு பானைத் தண்ணி ஒரு டம்ளராச் சுண்டுற மட்டும் காய்ச்சி, வெறும் வயித்துல குடிச்சாங்கன்னா எரிச்சல் அடங்கிரும். காய்ச்சுற வாசம் வந்தா அந்த வீட்டுல என்ன சங்கதின்னு தெருவுக்கே தெரியும், ஆரும் கேக்கவும் மாட்டாங்க.

அந்த வருசம் சந்தனமாரிக்கு வந்தது வெறும் கடுப்பு இல்ல. இடுப்புக்குப் பின்னால இருந்து ஒரு வலி கிளம்பி அடிவயிறு வரைக்கும் கம்பியால இழுத்த மாதிரி இழுத்துச்சு. பேச்சித்தாய்கிட்ட மட்டும் சொன்னா. "கல்லு கிடக்கும் போல மைனி, நெருஞ்சியைப் போட்டுக் காய்ச்சிக் குடிங்க, கரைஞ்சு வந்துரும்"னு பேச்சித்தாய் சொல்ல, ஒருநா காய்ச்சிக் குடிச்சா, கொஞ்சம் கேட்டுச்சு. மறுநா பறிக்கலாம்னு வண்டிப்பாதை ஓரம் குனிஞ்சப்பதான் அந்தப் பாதையில கிடந்த பூவெல்லாம் ஒரே சமயத்துல முகத்தைத் திருப்பி அவளைப் பாத்துச்சு.

அதை அவ மட்டும் பாத்திருந்தா ஒரு சங்கடமும் இல்ல, பறிச்சுக் குடிச்சுட்டுப் பிழைச்சிருப்பா. பாக்கக்கூடாத ஆளு பாத்துட்டாரு. கரையடி அம்மன் கோயில் தர்மகர்த்தா பரமார்த்தலிங்கம் அந்நேரம் பார்த்து மொபெட்டுல வந்தாரு. அவருக்கு இருந்த ஒரே கவலை கோயில் கொடைத் திருவிழா. அம்மன் இறங்கி ஆடுற கோமரத்தாடி செத்துப்போனதுல இருந்து அந்த ஊர்ல ஆருக்கும் சாமி வரல, சாமி வராம கொடை கொடுக்க முடியல, பக்கத்து ஊர்க்காரனெல்லாம் "உங்க அம்மன் ஊரை விட்டுப் போயிட்டாளாமே"ன்னு கேலி பேசினான். மனுசனுக்கு அதுலயே சோறு இறங்காம இருந்துச்சு.

"ஏ சந்தனமாரி, அங்கனயே நில்லு. இப்படிக்கா நட பாப்போம்."

அவ நடந்தா. பூவெல்லாம் கூடவே திரும்புச்சு. அவர் வண்டியை ஸ்டாண்டு கூடப் போடாம கீழ விட்டுட்டு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கினாரு.

"தாயே! இத்தனை வருசமா எங்கம்மா இருந்த?"

"உப்பளத்துலதான் அண்ணாச்சி இருந்தேன்"னா சந்தனமாரி.

ஊர் அதை எப்படி எடுத்துக்கிட்டுதுங்கிறீங்க? ஒருத்தர் கூட வாயைப் பிளக்கல. ஏன் திரும்புதுன்னு கேக்கவும் இல்ல, பூ சாமியைப் பாக்காம வேற ஆரைப் பாக்கும்னுட்டாங்க. மொத வேலையா நெருஞ்சியைப் பறிக்கக்கூடாதுன்னு கூட்டம் போட்டுச் சொன்னாங்க, அடுத்து மிதிக்கக்கூடாதுன்னாங்க, அப்புறம் முள்ளு குத்தினா வையக்கூடாது, "தாயே"ன்னு சொல்லிப் பிடுங்கிக் கண்ணுல ஒத்திக்கணும்னாங்க. வெளியூர்ல இருந்து சனம் வேன் பிடிச்சு வந்து, செருப்பைக் கழத்திப் போட்டுட்டு வேணும்னே முள்ளுமேல நடந்து, "எனக்கு ரெண்டு குத்துச்சு, உனக்கு எத்தனை?"ன்னு சந்தோசமாப் பேசிக்கிட்டுப் போச்சு. பஞ்சர் கடை செல்லையாவுக்குத்தான் பாடு திண்டாட்டம். வர்ற சைக்கிள் எல்லாம் நெருஞ்சி முள்ளு, டியூபுல இருந்து எடுக்கிற ஒவ்வொரு முள்ளுக்கும் சூடம் காட்டணும்னு சொல்லிட்டாங்க, ஒரு பஞ்சர் ஒட்ட ஒரு பூசை நேரம் ஆச்சு. பங்குனி முடிஞ்சும் அந்த வருசம் நெருஞ்சி காயல, அவ வீட்டைச் சுத்திப் பச்சைப்பசேல்னு வாசப்படி வரைக்கும் ஏறி வந்துச்சு.

பறிக்கக்கூடாதுன்னு ஆனதும் ஊர்ப் பொம்பளைகளுக்குக் கஷாயம் நின்னுபோச்சு. உப்பளம் நிக்கல, வெயில் நிக்கல, கடுப்பு நிக்கல. அந்தக் கோடை முழுக்க ஊரே எரிச்சலோட கும்பிட்டுது. ஒருத்திக்கு ஒருத்தி முகத்தைப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டு, "என்ன செய்ய, சாமி காரியம்"னு பல்லைக் கடிச்சுக்கிட்டாங்க. அட பாவிகளா, மருந்து தானா வந்து வாசல்ல நிக்குது, ஆருக்காக வந்திருக்குன்னும் முகத்தைத் திருப்பிக் காட்டுது, இதுக்கு மேல ஒரு செடி என்னதான் செய்யும்? வாய் இருந்தாச் சொல்லியிருக்கும். எனக்கு இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது.

தவசிமுத்து கெட்டவன் இல்ல. பெண்டாட்டி மேல உசுரு. ஆனா அதுவரைக்கும் டீக்கடையில நின்னுக்கிட்டே குடிச்சவனுக்கு இப்ப ஸ்டூலைத் துடைச்சுப் போடுறாங்க, "சாமி வீட்டுக்காரரு வாராரு"ன்னு வழி விடுறாங்க. அவனும் அதுல கொஞ்சம் மயங்கித்தான் போனான். எங்க தப்பு வந்துருமோன்னு பயந்து, அதுவரைக்கும் 'ஏட்டி'ன்னு கூப்பிட்டவளை வீட்டுக்குள்ளயே 'நீங்க, வாங்க'ன்னு பேச ஆரம்பிச்சான். கட்டின புருஷன் 'நீங்க'ன்னு கூப்பிட்டா ஒரு பொம்பளை எப்படித்தான் அவன்கிட்ட மனசு விட்டுப் பேசுவா? பேசித்தான் பாத்தா.

"இந்தா பாருங்க, எனக்கு சாமி ஒண்ணும் வரல. வலிதான் வருது. ஒண்ணுக்குப் போனா ரத்தமா வருது."

அவன் கையைப் பிசைஞ்சான். "வலி இல்லாம சாமி வருமா? பொறுத்துக்கோங்க. சித்திரையில கொடை முடியட்டும், மறுநாளே டவுனுக்குப் பெரிய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். இப்பப் போனா ஊர் என்னன்னு நினைக்கும்?"

ஊர் என்னன்னு நினைக்கும்னு அவளும்தான் நினைச்சா.

கொடைக்குக் காப்புக் கட்டினாங்க. அந்த ஊர் வழக்கப்படி காப்புக் கட்டினதுல இருந்து கொடை முடியிற மட்டும் கோமரத்தாடி பகல்ல பச்சத்தண்ணி பல்லுல படாம விரதம் இருக்கணும். சிவப்புச்சேலை கட்டிவிட்டு, பந்தல்ல ஒரு நாற்காலி போட்டு உக்கார வச்சு, சுத்தி எந்நேரமும் பொம்பளைக கூட்டம். உப்பளத்துலயாவது பொழுது அடைஞ்சா ஓடைப்பக்கம் போகலாம். இங்க அவ எந்திரிச்சா கூடவே மேளம் எந்திரிச்சுது. சாமி ஒதுங்கப் போறேன்னு எப்படிச் சொல்லும்? தண்ணியையே பாக்காத உடம்புல அந்தக் கல்லு வளராம என்ன செய்யும்? அவ முகம் ஊதிப்போச்சு, கால் வீங்கிப்போச்சு. "அம்மன் களை வந்துட்டு பாத்தியா"ன்னு அதுக்கும் ஒரு குலவை.

பேச்சித்தாய்க்குப் பொறுக்கல. எல்லாரும் பந்தல்ல மதியச் சோத்துக்கு உக்காந்த நேரம், மைனி வீட்டுப் பின்னால போய் நெருஞ்சியைப் பிடுங்குனா. பிடுங்குனான்னு கூடச் சொல்ல முடியாது; கையை வச்சதுமே வேரோட வந்துச்சு, மண்ணுல பிடிமானமே இல்ல. முள்ளு ஒண்ணு கூடக் கையில ஏறல. இடிச்சு, கொத்தமல்லி போட்டு, கதவைச் சாத்திக்கிட்டுக் காய்ச்சி, செம்புல ஊத்தி, முந்தானையால மூடிக்கிட்டுப் பந்தலுக்கு வந்தா. சந்தனமாரி தூரத்துலயே பாத்துட்டா. நாற்காலியில இருந்து முதுகை நிமித்தினா.

வாசம் காட்டிக் குடுத்துருச்சு. கோடை பூரா அந்த வாசத்துக்கு ஏங்கிக் கிடந்த மூக்குக எல்லாம் ஒரே நேரத்துல திரும்புச்சு. பரமார்த்தலிங்கம் எந்திரிச்சு வந்தாரு.

"என்னட்டி செம்புல? நெருஞ்சியைப் பறிச்சியா நீ?"

ஆமான்னு சொல்லியிருக்கலாம். எங்க மைனிக்குக் கல்லடைப்பு, செத்துப் போவா, வழியை விடும்னு சொல்லியிருக்கலாம். அத்தனை பேரும் அவளையே உத்துப் பாத்தாங்க. அம்மன் பேரைச் சொன்னா விட்டுருவாங்கன்னு நினைச்சு ஒரு பொய்யைச் சொன்னா.

"அம்மன்தான் கனவுல வந்து பறிக்கச் சொன்னா அண்ணாச்சி."

அவ்வளவுதான். பரமார்த்தலிங்கம் அவ கையில இருந்த செம்பை ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு, "அம்மன் தீர்த்தம் குடுத்திருக்கா, வரிசையா வாங்க"ன்னாரு. கை நீண்டுச்சு பாருங்க, எத்தனை கை! உப்பு தின்னு வெடிச்ச கை, வளையல் போட்ட கை, பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு நீட்டின கை. ஆளுக்கு ஒரு கரண்டி. "அண்ணாச்சி, அது மைனிக்கு, மைனிக்குக் கொஞ்சம் வைங்க"ன்னு பேச்சித்தாய் அழுதா. "கிறுக்கி, குடுத்தவளுக்கே திருப்பிக் குடுப்பாங்களா?"ன்னு பக்கத்துல நின்னவ அவளை அணைச்சுக்கிட்டா, நல்ல மனசோடதான் அணைச்சா. செம்பு காலியானதும் கொஞ்சம் தண்ணி ஊத்தி அலசி அதையும் ஒரு பிள்ளை வாயில ஊத்தினாங்க. சந்தனமாரி பாத்துக்கிட்டே இருந்தா.

ஊருக்குக் கடுப்பு அடங்கிருச்சு. மறுநா காலையில ஊரே நிம்மதியா ஓடைப்பக்கம் போயிட்டு வந்து, இதுவல்லவா அற்புதம்னு பேசிக்கிட்டுது. பறிக்க அம்மனே உத்தரவு குடுத்தாச்சேன்னு ஆளாளுக்குப் போய் நெருஞ்சியை வாரிப் பிடுங்கி, கொஞ்சத்தைக் காய்ச்சிக் குடிச்சுட்டு மிச்சத்தை நிலைப்படியில தோரணமாக் கட்டினாங்க, வண்டிப்பாதை நெடுக இழுத்துக்கிட்டு வந்ததுல முள்ளெல்லாம் உதிந்து ரோடு பூராக் கிடந்துச்சு. பேச்சித்தாய் மறுபடி பறிக்கப் போனப்ப மேட்டுலயும் இல்ல, மைனி வீட்டைச் சுத்தியும் ஒரு தூரு கூட இல்ல. வீடு வீடாப் போய்க் கேட்டா. "அக்கா, உங்க நிலையில கட்டினதுல ஒரு கொடி குடுங்கக்கா, எங்க மைனி உசுரு போகுது." "என்னட்டி பேசுத, கட்டினதை அவுத்தா சாமிகுத்தம் ஆயிராதா?"ன்னு சொன்னாங்க. காய்ச்சிக் குடிச்சது மிச்சம் இருந்தவங்க கூட அதைப் பூசை அறையில வச்சுப் பூட்டிட்டாங்க.

கொடையன்னைக்கு உச்சிப் பொழுதுல மேளம் முறுக்கி அடிச்சப்ப சந்தனமாரி நாற்காலியில இருந்து தரையில விழுந்து கத்தினா. அந்தக் கத்தலைக் கேட்டு நையாண்டி மேளக்காரன் இன்னும் வேகமா அடிச்சான், பொம்பளைக குலவை விட்டாங்க, குடம் குடமா மஞ்சத்தண்ணியை அவ தலையில ஊத்தினாங்க.

"எனக்கு வலிக்குது. என்னைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க."

அவ திருத்தமாத்தான் சொன்னா, எல்லாருக்கும் கேக்கத்தான் கேட்டுச்சு.

"ஊர் வலியை எல்லாம் தன் வயித்துல வாங்கிக்கிட்டா தாய்!"னு பரமார்த்தலிங்கம் கண்ணீர் விட்டாரு. அது நடிப்பு இல்ல, மனுசன் நிசமாவே உருகிப் போயிட்டாரு. ஒருத்தி முன்னால வந்து முட்டிபோட்டு, "என் மவளுக்கு எப்பம்மா பிள்ளை பிறக்கும்?"னு கேட்டா. "தெரியாது தாயி, எனக்கு வலிக்குது"ன்னா சந்தனமாரி. "அம்மன் பிடிகுடுக்காமப் பேசுதா"ன்னு கூட்டம் சிரிச்சுது.

தவசிமுத்து அப்பத்தான் அவ முகத்தைச் சரியாப் பாத்தான். கீழுதட்டைக் கடிச்சு ரத்தம் கட்டியிருந்துச்சு. சாமி உதட்டைக் கடிக்காதுன்னு அவனுக்குத் தோணுச்சோ என்னவோ, கூட்டத்தை நெட்டித் தள்ளிக்கிட்டுப் போய் அவளை அள்ளித் தோள்ல போட்டான். "வழியை விடுங்கடா"ன்னு கத்தினான். விட்டாங்க, சாமியைப் புருஷன் ஊர்வலம் தூக்குறான்னு நினைச்சு, மேளத்தோட பின்னாலயே வந்தாங்க. ஒரு ஆட்டோவுல ஏத்தினான். கிளம்பினதுமே முன் சக்கரம் காத்து இறங்குச்சு, அப்புறம் பின் சக்கரம். பஞ்சர் கடை செல்லையா பம்பைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்து, சூடமாவது மண்ணாவது, வெறுங்கையால முள்ளைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டான். பிடுங்கப் பிடுங்க ஏறுச்சு. ரோட்டுல கிடந்தது அத்தனையும் முள்ளு. செடியைக் குத்தம் சொல்ல முடியுமா? வேரோட இழுத்தது நாம.

அவன் அவளை இறக்கித் திரும்பவும் தோள்ல போட்டுக்கிட்டு, வெறுங்காலோட, அந்த முள்ளுமேலயே பஸ் ரோட்டைப் பாத்து ஓடினான். மேளமும் பின்னாலயே ஓடுச்சு. பஸ் ரோடு கண்ணுக்குத் தெரியிற இடத்துல அவ கை அவன் முதுகுல இருந்து வழுக்கித் தொங்குச்சு. மேளம் அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் அடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு.

திரும்பக் கொண்டாந்து அதே நாற்காலியில உக்கார வச்சு, முகத்துக்கு மஞ்சப் பூசி, ஆள் உயரத்துக்கு மாலை போட்டாங்க. அம்மனோட ஐக்கியமாயிட்டா, அந்த இடத்துலயே பீடம் கட்டணும்னு பேச்சு ஓடுச்சு. தவசிமுத்து பந்தக்கால்ல சாஞ்சு உக்காந்திருக்க, சனம் வந்து அவன் கிழிஞ்ச காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போச்சு. பேச்சித்தாய் ஒரு குரல் எடுத்ததும் பரமார்த்தலிங்கம் கையை உசத்தினாரு.

"அழப்படாது. ஆரும் ஒப்பாரி வைக்கப்படாது. சாமிக்குச் சாவு கிடையாது."

பேச்சித்தாய் அவரைப் பாத்தா. அப்புறம் அந்தப் பந்தலுக்கு நடுவுல, அத்தனை ஆம்பளைகளுக்கும் முன்னால, சம்மணம் போட்டு உக்காந்து, முடியை அவுத்து விட்டுட்டு, மாரில அடிச்சுக்கிட்டு ராகம் எடுத்தா.

"மூத்திரம் அடைச்சுச் செத்தியே, எங்க மைனி,
ஒதுங்க மறைவில்லாம அடக்கி வச்சியே, எங்க மைனி,
தண்ணி குடிக்காம உப்பு சுமந்தியே, எங்க மைனி,
மருந்து கேட்டியே, மாலை போட்டமே, எங்க மைனி!"

ஆம்பளைக தலையைக் குனிஞ்சாங்க, ஒருத்தர் காதைப் பொத்தினாரு. பரமார்த்தலிங்கம், "இவ வாயை மூடுங்க, என்ன வார்த்தை பேசுதா சாமி முன்னால"ன்னாரு, ஆரும் அசையல. அப்புறம் உப்பளத்துப் பொம்பளை ஒருத்தி போய்ப் பேச்சித்தாய் தோளைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா. இன்னொருத்தி உக்காந்தா. பரமார்த்தலிங்கத்தோட சம்சாரமும் வந்து உக்காந்து, அவர் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே அதே வார்த்தையைச் சொல்லி அழுதா.

தவசிமுத்து எந்திரிச்சான். முள்ளு ஏறின காலை இழுத்து இழுத்து நாற்காலிக்கிட்ட வந்து, மாலையை ஒண்ணொண்ணாக் கழத்திக் கீழ போட்டான். மூஞ்சியில பூசியிருந்த மஞ்சளைத் துண்டால துடைச்சான்.

"ஏட்டி சந்தனமாரி"ன்னு கூப்பிட்டான். "எந்திரிட்டி, வீட்டுக்குப் போவோம்."